அமைத்தவர் இல்லாத நாளுக்கான திட்டம்: வன்னியின் சிறு வணிக அலுவலகங்களில் கணினி வலையமைப்பு

ஒரே அலுவலகத்திலுள்ள கணினிகளும் அச்சுப்பொறிகளும் தமக்குள் தரவுகளைப் பரிமாறிக்கொள்ளும் வகையில் வடத்தினாலோ வானலையினாலோ இணைக்கப்படும்போது அவ்விணைப்பு கணினி வலையமைப்பு எனப்படுகிறது. அது ஒரு கட்டடத்துக்குள்ளோ ஒரு வளவுக்குள்ளோ அடங்கிவிடுவதனால் இலங்கைப் பாடநூல்கள் அதனை இடத்துரி வலையமைப்பு என்று குறிக்கின்றன. பெருநகர நிறுவனங்களில் இதற்கெனத் தனி அறையும் தனி அலுவலரும் இருப்பர். வட இலங்கையின் வன்னிப் பெருநிலப்பரப்பின் நெல் ஆலை, இரும்புக்கடை, மருந்தகம், பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம், கடற்கரையோர ஐஸ் ஆலை ஆகியவற்றின் அலுவலகங்களிலோ வலையமைப்பு என்பது காசாளரின் மேசைக்குப் பின்னால் ஓர் ஆணியில் தொங்கும் சிறு பெட்டியும் அதிலிருந்து புறப்படும் நாலைந்து வடங்களுமாகவே பெரும்பாலும் காணப்படுகிறது. அந்தச் சிறு பெட்டி நின்றால் விற்பனையும் நிற்கிறது என்பதனால், அளவில் சிறியதாயினும் அது கவனத்துடன் திட்டமிடப்பட வேண்டிய ஒன்றாகும்.

வன்னியில் இத்தொழிலின் வரலாறு மிகக் குறுகியது. போர் முடிவுற்ற 2009 மே மாதத்துக்கு முன்னர் இந்நிலப்பரப்பின் பெரும்பகுதி தேசிய மின்வலையின் இணைப்பின்றியே நெடுங்காலம் இருந்தது. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரிகூடத் தடைப்பட்ட பொருளாகியதால், மிதிவண்டியின் டைனமோவைக் கையால் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட தலைமுறையொன்று இங்கே வாழ்கிறது. 2002ஆம் ஆண்டின் போர்நிறுத்தத்தைத் தொடர்ந்து வன்னியை ஊடறுக்கும் ஏ-9 வீதி திறந்திருந்த சில ஆண்டுகளில் மின்பிறப்பாக்கிகளை நம்பிக் கணினிகள் இயங்கின. 2006 ஆகஸ்டில் வீதி மீண்டும் மூடப்பட்டது. போருக்குப் பின்னர் மின்கம்பங்களும் வங்கிக் கிளைகளும் தொலைபேசிக் கோபுரங்களும் அதே வீதி வழியே வந்து சேர்ந்தன. 2013 செப்டெம்பரில் புகையிரதம் மீண்டும் கிளிநொச்சியை அடைந்தது. 2016இல் கிளிநொச்சியின் அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் திறக்கப்பட்டது. 2021 ஆகஸ்டில் வவுனியா வளாகம் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. வடம் இழுக்கவும் கணினி திருத்தவும் தெரிந்த இளைஞர்கள் இன்று இம்மண்ணிலேயே பயிற்றப்படுகின்றனர். ஆயினும் வடத்தை இழுப்பதற்கு முன்னர் தாளில் திட்டமிடும் பழக்கமும், அத்தாளைக் கடைக்காரரிடமே கொடுத்துவிட்டுச் செல்லும் பழக்கமும் இன்னும் வேரூன்றவில்லை. இத்தொழிலில் பல ஆண்டுகள் கைபழகிய இக்கட்டுரையாளர் கண்ட உண்மை, வலையமைப்பைத் திட்டமிடுவது அதனை அமைத்தவர் அருகில் இல்லாத நாளை மனத்தில் வைத்துத் திட்டமிடுவதே என்பதாகும்.

கணினியை எண்ணுமுன் வேலையை எண்ணுதல்

எத்தனை கணினி வாங்குவது என்ற கேள்வியிலிருந்து திட்டமிடல் தொடங்குவதில்லை. ஒரு நாளில் அலுவலகத்துக்குள் வரும் தாள் எவரெவர் கைகளைக் கடந்து எந்தக் கோப்பில் சென்று சேர்கிறது என்பதை அறிவதே முதற்படி. நெல் ஆலையொன்றை எடுத்துக்கொண்டால், நெல் ஏற்றிவரும் உழவு இயந்திரப் பெட்டி முதலில் தராசு மேடையில் நிறுக்கப்படுகிறது. அங்கே எழுதப்படும் நிறைச்சீட்டில் ஈரப்பதன் பார்ப்பவர் கழிவைக் குறித்தபின் அது காசாளரிடம் வருகிறது. காசாளர் பணத்தை எண்ணிக் கொடுத்து விவசாயியிடம் ஒப்பம் பெற்றதும் ஒரு பிரதி களஞ்சியப் பொறுப்பாளரிடமும் மற்றொன்று கணக்கு எழுதுபவரிடமும் போய்ச் சேர்கின்றன. ஐந்து கைகளைக் கடக்கும் இப்பயணத்தில் தராசுக்காரரும் ஈரப்பதன் பார்ப்பவரும் ஒரே கொட்டிலில் இருப்பதால், வலையமைப்புக்கு வேண்டிய முனைகள் நான்கு என்று தெளிவாகிறது. ஒரே சீட்டை ஐந்து தடவை எழுதும் உழைப்பும், எழுதும்போது இலக்கம் மாறிவிடும் பிழையும் எங்கே நீங்கும் என்பதும் அப்போதே தெரிந்துவிடுகிறது. முனை ஒவ்வொன்றுக்கும் இரண்டு வடங்கள் இழுத்துவிடுவது நல்ல வழக்கமாகும். ஏனெனில் இரண்டாவது வடத்துக்கான செலவு சிறிது, முடித்துப் பூச்சிட்ட சுவரை இரண்டாண்டுகளின் பின் மீண்டும் உடைப்பதற்கான செலவோ பெரிது.

வேலையை எண்ணும்போது பருவத்தையும் எண்ண வேண்டும் என்பதை இக்கட்டுரையாளர் தமது பிழையொன்றினாலேயே கற்றுக்கொண்டார். தொழிலின் தொடக்க ஆண்டுகளில், பெரும்போக நெற்கதிர் வயலில் நின்றுகொண்டிருந்த மார்கழி மாதமொன்றில், ஆலையொன்றின் களஞ்சியத்துக்கு வடம் இழுக்கும் செலவைக் குறைக்கும் நோக்கில் வானலை இணைப்பு, அதாவது வைஃபை, போதுமானதென்று அவர் முடிவுசெய்தார். வெறுமையாய்க் கிடந்த அம்மண்டபத்தின் கடைசி மூலைவரை சமிக்ஞை குறைவின்றிக் கிடைத்தது. மாசியில் அறுவடை முடிந்து கூரை தொடும் உயரத்துக்கு நெல் மூட்டைகள் அடுக்கப்பட்டதும், களஞ்சியப் பொறுப்பாளரின் கணினி ஆண்டின் மிகப் பரபரப்பான கிழமையிலேயே இணைப்பை இழந்தது. வானலையை நீர் உறிஞ்சிக்கொள்ளும்; நன்றாகக் காய்ந்த நெல்லிலும் ஈரம் உண்டு; ஆகவே அடுக்கிய மூட்டைகள் அவ்வலைக்கு ஒரு தடித்த மதிலாகிவிடுகின்றன. களஞ்சியத்தின் நான்கு பக்கமும் தகரமாயின் வெளியிலிருந்து வரும் அலை உள்ளே நுழைவதும் அரிது. அன்று தொட்டு, அசையாது ஓரிடத்தில் இருக்கும் கருவிக்கு வடமும், கையோடு திரியும் கருவிக்கு மட்டும் வானலையும் என்ற விதியை அவர் கைக்கொண்டார். வெற்று மண்டபத்தில் அளந்த அளவு நிறைந்த மண்டபத்துக்குப் பொருந்தாது என்பது வன்னியின் எல்லாக் களஞ்சியங்களுக்கும் உரிய பாடமாகும்.

வளவின் வரைபடம்

கைகளை எண்ணி முடித்தபின் வளவை அளந்து வரைய வேண்டும். அளவுநாடாவைப் பிடித்து, சுவர் வழியாகவும் கூரை வழியாகவும் வடம் உண்மையில் செல்லும் பாதையை அளத்தல் வேண்டுமேயன்றி, இரு மேசைகளுக்கிடையிலான நேர்த்தூரத்தை அளத்தல் போதாது. செப்பு வடத்தினால் ஆன ஓர் இணைப்பு முனையிலிருந்து முனைவரை 100 மீற்றரைத் தாண்டலாகாது என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட வரையறை. இதில் சுவருக்குள் செல்லும் நிலையான பகுதிக்கு 90 மீற்றரும் இரு அந்தங்களிலும் தொங்கும் குறுவடங்களுக்கு 10 மீற்றரும் ஒதுக்கப்படுகின்றன. நகரக் கட்டடமொன்றில் இவ்வரையறை எவருக்கும் இடையூறாவதில்லை. வன்னியின் வளவுகளோ அகன்றவை. அலுவலகத்திலிருந்து தராசு மேடை 60 மீற்றரிலும் பின்களஞ்சியம் 130 மீற்றரிலும் இருத்தல் இங்கே வழமையானது என்பதனால், எந்த முனைக்குச் செப்பு, எந்த முனைக்கு ஒளியிழை என்ற முடிவு இவ்வரைபடத்தின் மீதே எடுக்கப்படுகிறது.

இணைக்கும் முறை குறித்துச் சிறிது வரலாறு கூறுதல் பொருந்தும். 1973இல் அமெரிக்காவிலுள்ள ஸெரொக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ரோ ஆய்வு நிலையத்தில் ரொபேட் மெற்காஃப், டேவிட் பொக்ஸ் ஆகியோர் உருவாக்கத் தொடங்கிய ஈதர்நெற் என்னும் முறை, ஆரம்பத்தில் ஒரே நீண்ட வடத்தில் எல்லாக் கணினிகளையும் வரிசையாகத் தொடுத்தது. வடம் ஓரிடத்தில் பழுதடைந்தால் அத்தனை கணினிகளும் நின்றுவிடும். தொலைபேசிக் கம்பியைப் போல முறுக்கிய சோடிக் கம்பிகளைப் பயன்படுத்தும் தரம் 1990இல் வகுக்கப்பட்டபின்னர், ஒவ்வொரு கணினியிலிருந்தும் தனித்தனி வடம் நடுவிலுள்ள ஒரு பெட்டிக்கு வந்து சேரும் விண்மீன் அமைப்பு பரவலாயிற்று. பாடநூல்கள் ஆளி என்றும் கடைகள் சுவிட்ச் என்றும் சொல்லும் அப்பெட்டி, எந்தத் தரவு எந்தக் கணினிக்கு உரியதென அறிந்து அதற்கு மட்டுமே அனுப்புகிறது. இவ்வமைப்பில் ஒரு வடம் அறுந்தால் ஒரு மேசை மட்டுமே நிற்கும். திருத்துபவர் மாங்குளத்திலிருந்தோ வவுனியாவிலிருந்தோ வந்து சேரும்வரை மற்றைய மேசைகள் வேலைசெய்யும். தொலைவில் வாழ்வோருக்கு இதுவே பெரும் பயன்.

நடுப்பெட்டியை எங்கே வைப்பது என்பதும் வரைபடத்திலேயே முடிவாக வேண்டும். தவிட்டுத் தூசு பறக்கும் ஆலை மண்டபத்திலும், ஏ-9 வீதியின் புழுதி நேரே வந்து படியும் முன்வாசலிலும், ஓட்டுக்கோ சீற்றுக்கோ அண்மையில் வெப்பம் தேங்கும் மேற்சுவரிலும் அதனை வைத்தலாகாது. கணக்கறையின் உட்சுவரில், நெஞ்சளவு உயரத்தில், காற்றோட்டமுள்ள பூட்டிய சிறு அலுமாரிக்குள் வைத்தால் அது ஆண்டுக்கணக்கில் உழைக்கும். முல்லைத்தீவுக் கரையோரத்திலோ உப்புக் காற்றே முதன்மையான பகை; அங்கே மலிவான இணைப்பு முனைகளின் மெல்லிய பூச்சு தேய்ந்து பச்சை படிந்து, காலையில் கிடைக்கும் இணைப்பு மாலையில் அறுந்துவிடும் என்பதனால், தங்கப்பூச்சுத் தடித்த முனைகளை வாங்குவதும், பயன்படாத துளைகளை மூடிவைப்பதும், பெட்டியை ஐஸ் அறையின் ஈரத்துக்கு எட்டாத இடத்தில் வைப்பதும் திட்டத்தின் பகுதிகளாகின்றன.

வடமும் அதன் எட்டு இழைகளும்

சிறு வணிகர் பணத்தை மிச்சப்படுத்த முனையும் முதலிடம் வடமாகவே இருக்கிறது. அவ்விடமே மிச்சப்படுத்தத் தகாத இடமுமாகும். கணினி ஐந்தாறு ஆண்டுகளில் மாற்றப்படும். சுவருக்குள் புதைந்த வடமோ இரு தலைமுறைக் கணினிகளுக்கு உழைக்க வேண்டியது. ஐந்தாம் வகையின் மேம்பட்ட வடிவமோ ஆறாம் வகையோ ஒரு செக்கனுக்கு ஒரு கிகாபிட் வேகத்தைத் தாங்கும் என்பதனால் இரண்டுமே சிறு அலுவலகத்துக்குப் போதுமானவை. வகையைவிட உலோகமே முக்கியம். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பல வடங்களின் உட்பகுதி அலுமினியமாகவும் மேற்பூச்சு மட்டுமே செப்பாகவும் இருக்கின்றன. அத்தகைய இழை வளைக்கும்போது எளிதில் முறிகிறது; தூரம் கூடக் கூடச் சமிக்ஞையை இழக்கிறது. இழையொன்றைக் கத்தி முனையால் சுரண்டிப் பார்த்து, உள்ளே வெண்மை தெரிந்தால் அப்பெட்டியைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். முழுச் செப்பாயின் சுரண்டிய இடமும் செந்நிறமாகவே இருக்கும். முன்னூற்றைந்து மீற்றர் கொண்ட ஒரு முழுப் பெட்டியைக் கையில் தூக்கிப் பார்த்தாலே எடையின் வேறுபாடு பழகிய கைக்குத் தெரிந்துவிடும்.

வடத்தின் முனையில் கண்ணாடி போன்ற பிளக்கைப் பொருத்தும் வேலை, கடைகளில் கிரிம்ப் அடித்தல் எனப்படுகிறது. வெளி உறையை இரண்டு விரல் அகலத்துக்கு உரித்ததும் நான்கு சோடி இழைகள் வெளிப்படும். அவற்றின் முறுக்கை அவிழ்த்து, இடமிருந்து வலமாக வெள்ளை கலந்த செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை கலந்த பச்சை, நீலம், வெள்ளை கலந்த நீலம், பச்சை, வெள்ளை கலந்த பழுப்பு, பழுப்பு என்ற ஒழுங்கில் அடுக்கி, பெருவிரலால் தட்டையாக்கி, முனைகளை ஒரே நேராக வெட்டிப் பிளக்கினுள் தள்ள வேண்டும். பிளக்கின் முன்முகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கையில் எட்டுச் செப்புப் புள்ளிகளும் தெரிய வேண்டும். வெளி உறையும் பிளக்கின் பிடிக்குள் அகப்பட்டிருக்க வேண்டும். இழைகளை முறுக்கி வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு: ஒரு சோடியின் இரு இழைகளிலும் வெளி மின்புலம் சமமாகப் பதிவதால் அதன் குழப்பம் ஒன்றையொன்று நீக்கிவிடுகிறது, ஆகவே முறுக்கு அவிழ்க்கப்பட்ட நீளம் 13 மில்லிமீற்றருக்கு மேற்படாதிருத்தல் வேண்டும். முறுக்கை நீளமாக அவிழ்த்துவிட்டு அழகாக அடுக்கும் கை விரைவாக வேலை முடிக்கும். ஆலையின் பெரிய மோட்டார் ஓடத் தொடங்கும்போதெல்லாம் இணைப்புத் தடுமாறும் அலுவலகமோ அந்த விரைவுக்கு நெடுநாள் விலை கொடுக்கும்.

வடத்தைக் குழாய்க்குள் செலுத்துதல் வன்னியில் தவிர்க்க முடியாதது. கூரைக்குள் அணிலும் தரைமட்டத்தில் எலியும் உறையைக் கடிக்கின்றன. மின்கம்பி செல்லும் குழாயும் வலைவடம் செல்லும் குழாயும் தனித்தனியாக, குறைந்தது ஒரு சாண் இடைவெளியுடன் செல்ல வேண்டும். இரண்டும் சந்திக்க நேர்ந்தால் குறுக்கே செங்கோணத்தில் கடக்க வேண்டும். ஒவ்வொரு வடத்தின் இரு அந்தங்களிலும் ஒரே இலக்கத்தை அழியாத மையால் எழுதி ஒட்டுதல் மிகச் சிறிய வேலை. ஆனால் அதனைச் செய்யாது விட்ட அலுவலகத்தில், பின்னொரு நாள் வரும் வேறொரு தொழிலாளர் பழுதான வடத்தைத் தேடுவதற்கே அரைநாளைச் செலவிடுவார்.

மின்சாரம், இடி, புவித்தொடுப்பு

2022 மார்ச் மாத இறுதியில் இலங்கை முழுவதும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம்வரை மின்வெட்டு நீடித்தபோது, வலையமைப்பு எனப்படுவது மின்சாரத்தின் மீதே நிற்கிறது என்பதை எல்லா வணிகரும் உணர்ந்தனர். அக்காலத்தில் பலர் மேசைக் கணினிகளுக்கெல்லாம் தடையில்லா மின்வழங்கி, அதாவது யூபிஎஸ், வாங்க முனைந்தனர். கணக்குப் பார்த்தால் வேறொரு வழி தெரிகிறது. சிறிய யூபிஎஸ் ஒன்றினுள் இருக்கும் 12 வோல்ற், 7 அம்பியர்-மணி பற்றரியின் கொள்ளளவு 84 வாற்று-மணி. இழப்புப் போக அதில் ஏறத்தாழ 50 மட்டுமே பயன்படும். திரையுடன் 120 வாற்று உண்ணும் மேசைக் கணினியை அது அரைமணிகூடத் தாங்காது. 25 வாற்றுடன் நிறைவுறும், ரவுட்டர் எனப்படும் இணையப் பெட்டியையும் சுவிட்சையுமோ ஒன்றரை மணிமுதல் இரண்டு மணிவரை தாங்கும். ஆகவே வலைக்கருவிகளுக்குத் தனி யூபிஎஸ், காசாளருக்கும் கணக்கு எழுதுபவருக்கும் தத்தம் பற்றரியுடைய மடிகணினிகள் என்று பிரித்தால், குறைந்த செலவில் அலுவலகம் மின்வெட்டைக் கடந்துவிடும். லேசர் அச்சுப்பொறி சூடேறும்போது பெருமின்னோட்டத்தை இழுப்பதனால் அதனை யூபிஎஸ்ஸில் இணைத்தலாகாது. வன்னியின் வெப்பத்தில் ஈயப் பற்றரி இரண்டு மூன்று ஆண்டுகளே உழைக்கும். வாங்கிய திகதியைப் பெட்டியின் மேல் எழுதி வைத்தால் அது கைவிடும் நாளை முன்கூட்டியே அறியலாம்.

மின்வெட்டிலும் கொடியது இடி. பங்குனி, சித்திரை மாதங்களின் பிற்பகல்களிலும், வாடைக்காற்று நிலைபெறும் முன்னான ஐப்பசி, கார்த்திகை மாதங்களிலும் உலர்வலயத்தின் திறந்த வெளிகளில் மின்னல் அடிக்கடி இறங்குகிறது. இரு கட்டடங்களுக்கிடையே மரத்திலும் கம்பத்திலும் கட்டித் தொங்கவிடப்பட்ட செப்பு வடம், அருகிலுள்ள பனையில் இறங்கும் மின்னலுக்குக்கூடத் தூண்டப்பட்டு அவ்வதிர்ச்சியை நேரே கணக்கறைக்குள் கொண்டுவரும். இத்தகைய ஒரு மாலைக்குப் பின்னர் இக்கட்டுரையாளர் திறந்து பார்த்த சுவிட்சொன்றில், வெளிவடம் வந்து சேர்ந்த துளைக்குப் பின்னால் மட்டும் கருகிய பொட்டொன்று இருந்தது. ஆனால் அதே பெட்டியில் இணைந்திருந்த மூன்று கணினிகளின் வலைமுனைகளும் உயிரற்றுப் போயிருந்தன. அதனால் தூரம் நூறு மீற்றருக்குக் குறைவாயினும், கட்டடம் விட்டுக் கட்டடம் செல்லும் இணைப்பை ஒளியிழையால் அமைப்பதே அறிவுடைமை. ஒளியைக் கடத்தும் கண்ணாடி இழை மின்னைக் கடத்துவதில்லை. ஆயினும் சந்தையில் கிடைக்கும் ஒளியிழை வடங்கள் பலவற்றில் தாங்குவதற்கென ஓர் உருக்குக் கம்பி ஓடுகிறது. அதனைச் சுவருக்கு வெளியிலேயே வெட்டி நிறுத்தாமல் உள்ளே கொண்டுசென்றால் ஒளியிழை இட்டதன் பயனே கெட்டுவிடும்.

புவித்தொடுப்பு, பேச்சுவழக்கில் ஏர்த், பலராலும் மறக்கப்படுவது. மழைக்காலத்தில் பொருத்தி அளந்து சரியெனக் கண்ட புவிக்கோல், ஆடி, ஆவணி மாதங்களில் மண் இறுகிக் காய்ந்ததும் பயனற்றுப் போகிறது. கோலை ஈரம் தங்கும் ஆழம்வரை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் இட்டு, வறட்சிக் காலத்தில் கிழமைதோறும் தண்ணீர் ஊற்றுமாறு ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும். கிணற்றடியில் நீர் வழிந்தோடும் இடம் இதற்கு மிக ஏற்றது.

முகவரிகளும் வாய்க்கால்களும்

வலையமைப்பிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஐபி முகவரி எனப்படும் எண்முகவரி உண்டு. இதனை விளக்குவதற்கு இரணைமடுக் குளத்தின் கீழுள்ள குடியேற்றத் திட்ட ஊர்களைவிடச் சிறந்த உவமை வேண்டியதில்லை: வாய்க்கால் இலக்கத்தையும் காணி இலக்கத்தையும் சொன்னால் வீடு தெரிந்துவிடும். 192.168.10.25 என்ற முகவரியில் முதல் மூன்று எண்களும் வாய்க்காலையும் இறுதி எண் காணியையும் குறிப்பதாகக் கொள்ளலாம். ஒரு வாய்க்காலில் இவ்வாறு 254 கருவிகள் இருக்க இடமுண்டு. இந்த எண்வரிசை உள்வலைகளுக்கென ஒதுக்கப்பட்டது என்பதனால், எந்த அலுவலகமும் எவரிடமும் அனுமதி பெறாது இதனைப் பயன்படுத்தலாம். இணையப் பெட்டிக்கு 1, சுவிட்சுக்கும் கணக்குக் கணினிக்கும் 2 முதல் 19 வரை, அச்சுப்பொறிகளுக்கு 20 முதல் 29 வரை என நிலையான எண்களைக் கொடுத்து, வந்துபோகும் கைத்தொலைபேசிகளுக்கு 100 முதல் 199 வரையான எண்களை இணையப் பெட்டியே தானாக வழங்குமாறு விட்டால் குழப்பம் நேராது. அச்சுப்பொறிக்கு நிலையான எண் கொடுக்காத அலுவலகத்தில், மின்சாரம் போய் வந்ததும் அதன் எண் மாறிவிடுவதால் பற்றுச்சீட்டு அச்சாகாமல் நிற்பதும், வாடிக்கையாளர் வரிசையில் காத்திருப்பதும் அடிக்கடி காணப்படும் தொல்லைகளாகும்.

தண்ணீர் பங்கிடும் முறையும் இங்கே பொருந்துகிறது. தலைவாய்க்காலின் துருசு எவ்வளவு அகலமாகத் திறந்தாலும், மேல்மடையிலுள்ளவர் முழு நீரையும் மறித்துக்கொண்டால் கடைமடை காய்ந்துபோகும். அலுவலகத்துக்கு வரும் இணைய வேகத்தை வாடிக்கையாளரின் கைத்தொலைபேசிகளும் ஊழியரின் காணொளிகளும் மறித்துக்கொள்ளாதவாறு, விருந்தினருக்கெனத் தனியொரு வைஃபை பெயரை அமைத்து அதன் வேகத்தை மட்டுப்படுத்துதல் வேண்டும். இப்பிரிப்புப் பாதுகாப்புக்கும் உதவுகிறது. கடையின் வைஃபையில் இணைந்த அயலவர் ஒருவர் கணக்குக் கணினியின் கோப்புகளைக் காண இடமிருக்கலாகாது. வாடிக்கையாளரின் பெயர், தொலைபேசி இலக்கம், கடன் நிலுவை ஆகியவற்றைக் காப்பது 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நோக்கும் கடமையாகும். ஒரு சிற்றூரில் இன்னாருக்கு இன்ன கடன் என்பது வெளியே தெரிதல் எத்தகைய மனவருத்தத்தைத் தரும் என்பதை அறிந்த வணிகருக்குச் சட்டம் சொல்லித்தான் அக்கடமை விளங்க வேண்டுமென்பதில்லை.

வெளியிணைப்பைப் பொறுத்தவரை, ஏ-9 வீதியோரத்து நகரங்களில் ஒளியிழை இணைப்பும் உள்ளூர்களில் நான்காம் தலைமுறைக் கைத்தொலைபேசி அலையுமே பெரும்பாலும் வழி. இரண்டும் கிடைக்கும் இடத்தில், ஒன்றை முதன்மையாகவும் மற்றதைத் துணையாகவும் வெவ்வேறு நிறுவனங்களிடமிருந்து பெறுதல் நன்று. எவ்வாறாயினும் வெளியிணைப்பு முற்றாக அறுந்த நாளிலும் பற்றுச்சீட்டு அச்சாக வேண்டும், களஞ்சிய இருப்புத் தெரிய வேண்டும். ஆகவே அன்றாடக் கணக்கு கடைக்குள்ளிருக்கும் கணினியிலும், அதன் பிரதி மட்டும் இணையத்திலும் இருக்குமாறு திட்டமிடுதலே இந்நிலத்துக்கு ஏற்றது.

கணக்கின் பிரதி

பொதுக் கோப்புறையொன்றை அமைத்ததும் எழும் சிக்கல் தமிழிலேயே உள்ளது. வடமாகாணத்தில் நெடுங்காலமாக பாமினி எழுத்துருவில் கடிதங்களும் விலைப்பட்டியல்களும் தட்டப்பட்டு வந்தன; அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அதே கோப்பைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரியும். ஒருவர் தட்டியதை மற்றவர் தம் மேசையிலிருந்து திறக்கும் நிலை வந்ததும் இக்குறை வெளிப்படுகிறது. ஆகவே புதிய கோப்புகளை யுனிகோட் முறையில் எழுதுவதும், தேவையான பழைய கோப்புகளை மாற்றி வைப்பதும், கோப்புகளுக்குத் திகதியும் பொருளும் விளங்கும் பெயர் இடுவதும் வலையமைப்புத் திட்டத்தில் அடங்க வேண்டியவை.

காப்பெடுத்தல், அதாவது தரவின் பிரதியை வேறிடத்தில் வைத்தல், இத்தொழிலின் இறுதிப் படியாகவும் முதன்மையான பொறுப்பாகவும் அமைகிறது. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றுள் ஒன்று கட்டடத்துக்கு வெளியே என்பது உலகெங்கும் கைக்கொள்ளப்படும் விதி. கணக்குக் கணினியில் ஒன்று, மாலையில் மட்டும் இணைத்துக் கழற்றிவிடும் வெளி வன்தட்டில் ஒன்று, இணையத்திலோ உரிமையாளரின் வீட்டிலோ ஒன்று என்று சிறு வணிகர் இதனை நிறைவேற்றலாம். எப்போதும் இணைத்தே வைத்திருக்கும் வன்தட்டு, இடி விழுந்தாலும் தீய மென்பொருள் புகுந்தாலும் கணினியோடு சேர்ந்தே அழியும் என்பதனால் கழற்றிவைத்தல் இன்றியமையாதது. மாதத்துக்கு ஒருமுறை பிரதியிலிருந்து ஒரு கோப்பை மீட்டுப் பார்க்காதவரை, பிரதி இருக்கிறதென்று நம்புவதற்கு ஆதாரமில்லை.

கணினி வந்து இறங்கும் நாளில், ஆண்டுக்கணக்காகப் பேரேட்டில் கணக்கெழுதிய முதியவர்கள் கேட்கும் கேள்வி, கரண்ட் போனால் இதற்குள் கிடக்கும் கணக்கு எங்கே போகும் என்பதாகும். அதனைப் பழைமையின் தயக்கமென்று தள்ளிவிடலாகாது. இடப்பெயர்வின்போது வீட்டையும் கடையையும் விட்டுச் சென்றோர், காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் ஒரு பொலித்தீன் பைக்குள் சுற்றி, ஊர் விட்டு ஊர் தம் உடலோடு கொண்டு சென்றனர். அப்பையைக் காப்பாற்ற முடியாதோர், போருக்குப் பின்னர் நடமாடும் சேவைகளில் வரிசையில் நின்று தாம் பிறந்ததையே மீண்டும் நிறுவ வேண்டியிருந்தது. எழுத்தில் உள்ளது அழிந்தால் என்ன நேரும் என்பதை நன்கறிந்தோர் கேட்கும் கேள்வி அது. அதற்கு வலையமைப்பை அமைப்பவர் சொற்களால் விடை கூறுதல் போதாது. கழற்றிய வன்தட்டை அவர்கள் கையில் கொடுத்து, அதிலிருந்து நேற்றைய கணக்கை மீட்டுக் காட்டுதல் வேண்டும்.

வேலை முடிந்த நாளில் கடையில் விட்டுச் செல்ல வேண்டியது ஒரு தாள். வளவின் வரைபடம், வட இலக்கங்கள், எண்முகவரிகளின் பட்டியல், பற்றரி வாங்கிய திகதி, இணைய நிறுவனத்தின் கணக்கிலக்கம், பிரதி எடுக்கும் முறை ஆகியவை தமிழில், கையெழுத்திலாயினும், அதில் இருக்க வேண்டும். கடவுச்சொற்கள் மட்டும் வேறொரு தாளில் எழுதி ஒட்டிய உறைக்குள் உரிமையாளரிடம் இருக்க வேண்டும். ஊழியரொருவர் விலகும் நாளில் அவை மாற்றப்பட்டு உறையும் புதுப்பிக்கப்பட வேண்டும். அத்தாளின் ஒரு பிரதி அலுமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டப்படலாம். மற்றொரு பிரதி, உரிமையாளரின் வீட்டில் காணி உறுதி வைக்கப்பட்டிருக்கும் அதே பைக்குள் வைக்கப்பட வேண்டும்.